பச்சைப் பலகை வாங்கிய மருத்துவமனைகள்

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையின் சுவரில் என் கணவரின் புகைப்படத்தைக் கண்டேன். மேலே 'பேரிடர்க் குழு' என்று எழுதி, கீழே டாக்டர்களின் படங்களை வரிசையாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் வீட்டுக்காரர். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். கல்யாணமான புதிதில் எடுத்த படம், தலை நிறைய முடி. அவர் அந்த மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் அல்ல. ஆபரேஷன் இருக்கும் நாளில் கூப்பிட்டால் போவார், முடிந்ததும் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார். ஊரில் பல மயக்க மருத்துவர்களின் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது.

"சார் இந்த போட்டோல யங்கா இருக்காரு மேடம்" என்றார் என்னுடன் வந்த இளைஞர்.

நான் சிரித்தேன். ஒரு சுவரில் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர். அன்று ரெட்டியார்பாளையத்துக்குப் போனது நோயாளியைப் பார்க்க அல்ல, அந்த மருத்துவமனையை அளக்க. ஊரிலும் ஊரைச் சுற்றியும் இருக்கிற அரசு, தனியார் மருத்துவமனைகள் சில சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்திருந்தன. பெரிய விபத்தோ வெள்ளமோ தீயோ வந்தால் காயம்பட்டவர்களை யார் யார் எப்படிப் பங்கிட்டு ஏற்றுக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது அதன் நோக்கம். நோக்கத்தில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அதை நிறைவேற்ற வந்தவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலைவராக இருந்தவர் பிரான்சில் பல வருடம் டாக்டராக இருந்துவிட்டு, அந்த நாட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எல்லோரும் அவரை 'முசியே' என்றுதான் கூப்பிட்டோம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். கோடையிலும் கோட் போடுவார். எதையும் அளக்காமல் திருத்த முடியாது என்பார், ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார், அதற்குமுன் சொன்னதே இல்லை என்பது போலச் சொல்வார். அவர் அளந்ததில் எது திருந்தியது என்று நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் கூட்டம் கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றில் நடந்தது. நாங்கள் அளக்கப் போகிற பொருளைத் தமிழில் 'தயார்நிலை' என்பதா, 'ஆயத்தநிலை' என்பதா என்று காலை முழுக்க விவாதித்தார்கள். ஆயத்தநிலைக்கு ஆள்பலம் அதிகம். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு இறால் வறுவல் வந்த வாசனை அடித்ததும் அந்தக் கட்சி கலைந்துவிட்டது. தயார்நிலை ஏகமனதாக வென்றது. கூட்டமைப்பு எடுத்த முடிவுகளிலேயே யாருக்கும் கெடுதல் செய்யாத முடிவு அதுதான்.

அளக்கப் போகும் குழுவில் மூன்று பேர். முசியே, நான், அப்புறம் மேலே சொன்ன இளைஞர். அவர் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் குவாலிட்டி மேனேஜர். டை கட்டியிருப்பார், கையில் ஒரு டேப்லெட் வைத்திருப்பார். அதில் கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று தட்ட வேண்டும், டாக்டர்களைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பெயரும் போட வேண்டும். கடைசியில் அந்தக் கருவியே கூட்டிக் கழித்து மருத்துவமனைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் கொடுத்துவிடும். நான் எப்படி உள்ளே வந்தேன் என்றால், அரசு தரப்பில் ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது எங்கள் மருத்துவமனையில் மற்ற எல்லோருக்கும் அவசர வேலை இருந்தது. அவசரப் பிரிவில் இருந்த எனக்கு மட்டும் இல்லையாம்.

ரெட்டியார்பாளையத்தில் சால்வை போட்டார்கள், பாதாம் பால் கொடுத்தார்கள். வாசலில் 'நல்வரவு' என்று பூக்கோலம். தீயணைப்பு உருளைகள் அன்று காலைதான் கடையிலிருந்து வந்தது போலப் பளபளத்தன. இரண்டாம் மாடியில் அவசர வழி என்று சிவப்பில் எழுதிய கதவு ஒன்று இருந்தது. நான் கைப்பிடியைத் திருகினேன். பூட்டியிருந்தது. கூட வந்த நிர்வாகி, சாவி செக்யூரிட்டியிடம் இருக்கிறது என்றார். செக்யூரிட்டி எங்கே என்றேன். டீ குடிக்கப் போயிருக்கிறார் என்றார். நோயாளிகள் அந்த வழியாக ஓடிவிடக் கூடாது என்றுதான் பூட்டி வைத்திருக்கிறோம் என்றும் விளக்கினார். எந்த நோயாளி எதற்காக ஓடுவான் என்று நான் கேட்கவில்லை. ஆபரேஷனுக்குப் பின் பில் கைக்கு வந்தால் ஓடத் தோன்றும்தான்.

இளைஞர் அதற்குள் 'ஆம்' தட்டிவிட்டார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"கதவு தொறக்கலையே தம்பி."

"கேள்வி 'அவசர வழி இருக்கா'ன்னுதான் மேடம். தொறக்குமான்னு கேக்கல."

முசியேவைப் பார்த்தேன். அவர் பாதாம் பாலை ஊதிக்கொண்டே, கேள்வியில் இல்லாததை நாமாகச் சேர்த்தால் அளவின் நம்பகத்தன்மை கெட்டுவிடும் என்றார். சொல்லிவிட்டு, "வுவாலா" என்று பிரெஞ்சில் முடித்தார். பேச்சு தீர்ந்தது என்று அர்த்தம்.

அடுத்த வாரம் நூறடிச் சாலையில் இன்னொரு மருத்துவமனை. அங்கும் சுவரில் பேரிடர்க் குழு. அங்கும் என் கணவர், இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு. அதற்கடுத்த மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டில். லாசுப்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில், என் மைத்துனர் கல்யாணத்தில் பட்டு வேட்டியோடு எடுத்த படத்தைத் தலை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் மாலையின் மல்லிகை கொஞ்சம் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவரை மட்டும் அல்ல, ஒரே மூளை அறுவை மருத்துவரையும், ஒரே எலும்பு மருத்துவரையும் சுவர் சுவராகப் பார்த்தேன். இவர்களை எல்லாம் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் ஆள் என்று கணக்குக் காட்டியது. கூட்டிப் பார்த்தால் புதுச்சேரியில் பாரீசைவிட அதிகம் டாக்டர்கள் இருப்பது போலத் தோன்றும்.

இதற்கிடையே ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவுக் கட்டில்கள் நிறைந்திருந்தன. கடைசிக் கட்டிலில் கால் எலும்பு முறிந்ததாகக் கட்டுப் போட்டுப் படுத்திருந்த அம்மாள், போர்வைக்குள் வைத்து வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கட்டைத் தொட்டதும் அந்தக் காலையே மடக்கி எழுந்து உட்கார்ந்து, எனக்கும் ஒன்று நீட்டினார். அங்கே வேலை செய்கிற ஒரு ஆயாம்மாவின் அக்காவாம். ஆள் நிறைய இருக்கிற மாதிரி தெரிய வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று நான் சந்தித்தவர்களில் அவரிடம்தான் ஒளிவுமறைவில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடம் கேட்டேன். இத்தனை சுவர்களில் இருப்பது அவருக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றார். போட்டோ கேட்டார்கள், கொடுத்தேன் என்றார். அவர் கெட்டவர் இல்லை. கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான்.

"எல்லா எடத்துலயும் ஒரே நேரத்துலயா ஆக்சிடென்ட் ஆவப் போவுது?" என்றார்.

"எல்லா எடத்துக்கும் ஒரே நேரத்துல ஆள் வந்தாத்தாங்க அதுக்குப் பேரு பேரிடர்."

அவர் இரண்டாம் முறை ரசத்தை ஊற்றிக்கொண்டார். அவரை எனக்குத் தெரியும். பதில் இல்லாதபோதுதான் அவர் இரண்டாம் முறை ரசம் ஊற்றிக்கொள்வார்.

அளவெடுப்பு முடிந்து நடந்த கூட்டத்தில் நான் இதைச் சொன்னேன். கணவர் பெயரைத்தான் உதாரணமாக எடுத்தேன், வேறு யார் பெயரைச் சொன்னாலும் பொறாமை என்பார்கள். ஒரே மனிதரைப் பல இடங்களில் எண்ணியிருக்கிறோம், தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் பச்சை, சேர்த்துப் பார்த்தால் ஆளே இல்லை, கூட்டமைப்பு என்றால் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும் என்றேன். ஒரு மருத்துவமனையின் இயக்குநர், மேடம் வீட்டுப் பிரச்சினையைக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறார் என்றார். பலர் சிரித்தார்கள்.

முசியே சிரிக்கவில்லை. அவர் யோசித்தார். நான் கொஞ்சம் நம்பினேன். அவர் யோசித்து முடித்து, டாக்டரின் பெயர் கேட்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது, இனிமேல் பெயர் கேட்க வேண்டாம், 'மயக்க மருத்துவர் உண்டா' என்று மட்டும் கேட்டால் போதும் என்றார். இளைஞர் அங்கேயே டேப்லெட்டில் பெயருக்கான இடத்தை அழித்தார். பிரச்சினை தீர்ந்தது. கைதட்டினார்கள். அளக்கும் கோலில் விரிசல் என்று காட்டினால், விரிசல் தெரியாதபடி வண்ணம் பூசிவிட்டுக் கைதட்டுகிற மனிதர்களை நான் அதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன். ஆனால் அத்தனை பேரும் டாக்டராக இருந்து பார்த்தது அன்றுதான்.

ஒரு மாதத்துக்குள் மருத்துவமனைகளின் வாசலில் பச்சைப் பலகைகள் வந்தன. 'எப்போதும் தயார்' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே கூட்டமைப்பின் முத்திரை. ஒவ்வொன்றுக்கும் நாடா வெட்டி, கேசரி கொடுத்து, போட்டோ எடுத்தார்கள். அதோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களையும் கூப்பிட்டு, இனிமேல் காயம்பட்டவர்கள் எல்லோரையும் அரசு மருத்துவமனைக்கே கொண்டு போய்க் குவிக்க வேண்டாம், வழியில் பக்கத்தில் எந்தப் பச்சைப் பலகை இருக்கிறதோ அங்கே கொண்டு போங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஓட்டுநர்கள் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள், சொன்னவர்கள் எல்லாம் பெரிய டாக்டர்கள்.

விபத்து முருங்கப்பாக்கத்துக்குப் பக்கத்தில் நடந்தது. வீராம்பட்டினத்திலிருந்து மீன் விற்கிற பெண்கள், கூடைகளோடு ஒரு சின்னச் சரக்கு வண்டியில் காலையில் நகரத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். சுற்றுலாப் பேருந்து ஒன்று பக்கவாட்டில் இடித்து வண்டியைக் கவிழ்த்துவிட்டது. பெரும்பாலானவர்களுக்குக் கை, விலா, தலையில் அடி. அவர்களில் பலரை அந்தப் பக்கம் போன ஆட்டோக்காரர்களே தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டார்கள். ஆட்டோக்காரர்களுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை, அதனால் பிழைத்தோம். எங்களிடம் இருந்த இரண்டு ஆபரேஷன் அறைகளும் உடனே நிறைந்தன.

ஒரு பெண்ணின் கால்மேல் வண்டி கிடந்திருக்கிறது. முழங்காலுக்குப் பின்னால் போகிற ரத்தக்குழாய் அறுந்துவிட்டது. இப்படி ஆனால் காலுக்கு ரத்தம் போகாது, சீக்கிரம் குழாயைத் தைத்தால்தான் கால் தங்கும். அவரை மட்டும் ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். ஓட்டுநர் சொல்லிக்கொடுத்தபடி நூறடிச் சாலைப் பச்சைப் பலகைக்குப் போயிருக்கிறார். அங்கே வண்டியிலிருந்து இறக்கவே விடவில்லை. மயக்க மருத்துவர் இல்லை, கூப்பிட்டிருக்கிறோம், எப்போது வருவார் என்று தெரியாது, ரெட்டியார்பாளையத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ரெட்டியார்பாளையத்தில் இறக்கினார்கள். இறக்கி, முன்பணம் கேட்டு, அதற்குள் மயக்க மருத்துவர் வராததால் திரும்ப ஏற்றினார்கள்.

எங்களிடம் வந்தபோது கால் வெளுத்துச் சில்லிட்டிருந்தது. பாதத்தில் நாடித் துடிப்பு இல்லை. கூடவே அவருடைய நாத்தனார் வந்திருந்தார். அதே வண்டியில் வந்தவர், மணிக்கட்டு உடைந்து வீங்கியிருந்தது, தன் கையை யாரையும் பார்க்க விடாமல் அண்ணியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரத்தக்குழாய் தைக்கத் தெரிந்த அறுவை மருத்துவர் எங்களிடம் இருந்தார், ஆபரேஷனுக்குக் கையும் கழுவிக்கொண்டு நின்றார். சின்ன ஆபரேஷன்கள் செய்கிற மூன்றாவது அறை ஒன்றையும் ஒழித்துக் கொடுத்தோம். மயக்கம் கொடுக்கத்தான் ஆளில்லை. எங்கள் டாக்டர்கள் இருவரும் மற்ற இரண்டு அறைகளில் பாதி ஆபரேஷனில் இருந்தார்கள்.

அப்போதுதான் என் கணவர் வாசலில் நுழைந்தார். முன்பு எங்கள் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு வெளியே போனவர். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் தலையசைத்தார், இவர் உடை மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எப்படி வந்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டில் இருந்தவருக்கு நூறடிச் சாலையிலிருந்து போன் வந்திருக்கிறது. கிளம்பிப் போனால், கேஸை அனுப்பிவிட்டோம் சார் என்றார்களாம். ரெட்டியார்பாளையம் போனால் அங்கும் அதே பதில், அங்கிருந்துதான் எங்களிடம் வந்திருக்கிறார். இரண்டு மருத்துவமனைகளும் ஒரே மனிதரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் வருவதற்குள் அதே நோயாளியைத் துரத்தியிருக்கின்றன.

"அந்தம்மா பின்னாடியேதான் ஊர் முழுக்கச் சுத்தியிருக்கேன்" என்றார். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்து, முகமூடியைக் கழற்றாமலே சொன்னார்.

உள்ளே ஆபரேஷன் நடக்கும்போது நான் நாத்தனாரின் கைக்கு மாவுக்கட்டுப் போட ஏற்பாடு செய்தேன். அவர் அழவில்லை. மீன் வாடையும் ரத்த வாடையுமாக இருந்த சேலையை இழுத்து மூடிக்கொண்டு, சாதாரணமாக ஒரு சந்தேகம் கேட்பது போலக் கேட்டார்.

"டாக்டரம்மா, அந்த ரெண்டு ஆஸ்பத்திரி வாசல்லயும் பச்சையா ஒரு போர்டு வச்சிக்கிறாங்களே, அதுல இன்னா எழுதிக்கீது?"

"எப்போதும் தயார்னு போட்டிருக்கு."

"எதுக்குத் தயாராம்?"

நான் மாவுக்கட்டுப் போடுகிறவரைக் கூப்பிட்டு, அவர் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

கால் தங்கவில்லை. குழாயைத் தைத்தும் ரத்தம் ஏற மறுத்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முதலிலேயே எங்களிடம் வந்திருந்தால் தங்கியிருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தங்கியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்று அறுவை மருத்துவர் சொன்னார். பலகை இல்லாத காலத்தில் அந்த ஓட்டுநர் நேராக எங்களிடம்தான் வந்திருப்பார். அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

கூட்டமைப்பு அவசரமாகக் கூடியது. அவமானத்தில் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்துப் போனேன். திரையில் முதல் படமே 'வெற்றிகரமான முதல் ஒத்துழைப்பு' என்று வந்தது. காயம்பட்ட எல்லோரும் கடைசியில் கூட்டமைப்பில் உள்ள ஏதோ ஒரு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒருவரும் சாகவில்லை, ஆகவே திட்டம் வேலை செய்தது என்று முசியே விளக்கினார். நூறடிச் சாலைக்காரர்கள், நோயாளியைத் தாமதிக்காமல் உடனே அடுத்த இடத்துக்கு அனுப்பியதற்காகப் பாராட்டப்பட்டார்கள். துரத்தியதற்கு வேகத்தில் மதிப்பெண்.

நான் எழுந்தேன். கத்தவில்லை.

"அந்தப் பலகைங்களக் கழட்டுங்க. இல்லன்னா எது இல்லையோ அத எழுதி மாட்டுங்க. இன்னிக்கு மயக்க டாக்டர் இல்லன்னு ஒரு சிலேட்டுல எழுதியிருந்தா அந்தம்மாவுக்குக் கால் இருந்திருக்கும்."

குவாலிட்டி மேனேஜர் இளைஞர் குனிந்து டேப்லெட்டைப் பார்த்தார். அவர் ஒருவர் முகத்தில்தான் கொஞ்சம் சங்கடம் தெரிந்தது. முசியே, என் உணர்ச்சிகளைத் தான் மதிப்பதாகவும், ஆனால் ஒரு சம்பவத்தை வைத்து அளவுமுறையை எடைபோடக் கூடாது என்றும் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமைக்காகவே அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அடுத்த மாதம் எங்கள் கண்காணிப்பாளர் கூப்பிட்டு, கூட்டமைப்பு வேறு ஒருவரைக் கேட்கிறது, எதையும் நல்லவிதமாகப் பார்க்கிற ஆளாக வேண்டுமாம் என்றார். அப்படி ஒருவர் கிடைத்தும் விட்டார். எங்கள் மருத்துவமனையில் அந்த மாதிரி ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

கணவர் என்னிடம் சொல்லாமலே ஒவ்வொரு மருத்துவமனையாகப் போய்த் தன் படத்தை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். சிலர் எடுத்தார்கள். ஒரு நிர்வாகி, எடுத்தால் நிறம் மாறிவிடும் சார் என்று கெஞ்சினாராம். இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தானே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு இடங்களிலிருந்து அதன் பிறகு அவரை ஆபரேஷனுக்குக் கூப்பிடுவதில்லை. அவருக்கு அதில் வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் இப்போது ஒருவர் கூப்பிட்டால், முடியாது, வேறிடத்தில் இருக்கிறேன் என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார்.

நான் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிடம் போனேன். எங்கள் வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில்தான் நிற்பார்கள். அந்தப் பெண்ணை ஏற்றிச் சென்ற ஓட்டுநரும் இருந்தார். பல நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. அவரிடம், தப்பு உன்னுடையது இல்லை என்றேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பினாரா என்று தெரியவில்லை. எல்லோரிடமும் அவசரப் பிரிவின் போன் எண்ணைக் கொடுத்தேன். வழியிலேயே கூப்பிட்டுக் கேளுங்கள், பலகையைப் பார்க்காதீர்கள் என்றேன். என்னோடு வேலை செய்கிற டாக்டர்களும் நர்சுகளும் இதற்கு ஒத்துக்கொண்டார்கள். யாருடைய அனுமதியும் கேட்கவில்லை.

அந்தப் பெண் காயம் ஆறத் தொடங்கியதும் கட்டுமாற்ற வந்தார். நாத்தனார்தான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடை தூக்கித் தெருத்தெருவாக அலைந்து விற்ற வியாபாரம் இனி நடக்காது, மார்க்கெட்டில் ஓரமாக உட்கார இடம் கேட்டிருக்கிறோம், தகராறு நடக்கிறது என்றார்கள். செயற்கைக் கால் எப்போது வரும் என்று அந்தப் பெண் கேட்டார். விண்ணப்பம் போயிருக்கிறது என்றேன். இப்படியே எத்தனை பேர் எத்தனை முறை அவரிடம் சொல்லியிருப்பார்களோ, அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஓட்டுநர்கள் இப்போது கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஒருவர் நோணாங்குப்பத்திலிருந்து பேசினார். பைக்கில் விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை ஏற்றியிருந்தார். எங்கள் ஸ்கேன் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. இங்கே வராதீர்கள், ஸ்கேன் இல்லை என்று சொன்னேன். தெற்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் கேட்டு, இயந்திரம் ஓடுகிறது, டாக்டர் இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு அவரைத் திருப்பிவிட்டேன். நம்மிடம் இல்லை என்று சொல்வதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார்.